பம்பாய் விலையில் ஒரு மாதம்

செஞ்சியை விட்டு ஓர் அடி நகராமல் ஒரு மாதம் பம்பாயில் குடித்தனம் நடத்தியவர் என் அண்ணி. இதைப் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் வியந்தார்கள், சிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் என் பங்கை மட்டும் விட்டுவிட்டுத்தான் சொன்னேன். அண்ணி காலமான பிறகு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் முழுதாக எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. எங்களுக்குச் செஞ்சிக் கடைத்தெருவில் மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் கிணறும் மாட்டுக் கொட்டகையும். நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா கடையைப் பார்த்துக்கொண்டார். அண்ணன் பம்பாயில் ஒரு துணி மில்லில் ஃபிட்டர். வருடத்துக்கு ஒரு முறை பதினைந்து நாள் லீவில் வருவார். அண்ணியும் இரண்டரை வயதுப் பெண் குழந்தையும் எங்களோடு இருந்தார்கள். நான் பி.ஏ.வில் பொருளாதாரம் முடித்துவிட்டு, சென்னையில் சட்டக் கல்லூரியில் சேரக் காத்திருந்தேன். மாதம் பிறந்தால் அண்ணனிடமிருந்து அறுபது ரூபாய் மணியார்டர் வரும். பாதி வீட்டுக்கு, பாதி என் படிப்புக்கு.

வேலையில்லாமல் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போது ஒரு பைத்தியம் பிடித்திருந்தது. எந்த ஊரில் ஒரு குடும்பம் ஒரு மாதம் வாழ எவ்வளவு ஆகும் என்று விசாரிப்பது. கடைக்கு வருகிறவர்களில் வெளியூர்ச் சம்பந்தம் உள்ளவர் யாராக இருந்தாலும் பிடித்து மூட்டைமேல் உட்கார வைத்துவிடுவேன். அரிசி என்ன விலை, விறகா மண்ணெண்ணெயா, வாடகை எவ்வளவு, பாலுக்கு என்ன தருகிறார்கள் என்று ஒன்று விடாமல் கேட்பேன். கேட்கக் கேட்க எனக்கு மலைப்பாக இருக்கும். ஒரே அரிசி, ஒரே உப்பு. நாலு மைல் தள்ளினால் ஒரு விலை, கடல் தாண்டினால் வேறொரு விலை. ஒரு மனிதன் மூன்று வேளை சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருப்பதற்கு உலகம் இத்தனை விதமாகப் பணம் கேட்கிறதே என்று இருக்கும்.

பக்கத்து ஜவுளிக்கடை பாய்க்குத் தம்பி ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். அங்கே கட்டிலுக்கு வாடகை என்று பாய் சொன்னார். வீட்டுக்கு இல்லை, கட்டிலுக்கு. பகலில் ஒருவன் படுப்பான், இரவில் இன்னொருவன். இரண்டு பேரும் ஆளுக்குப் பாதி கொடுப்பார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பென்ஷன் வாங்கும் ஒரு பழைய சிப்பாய் எங்கள் கடைக்கு மணிலாக் கொட்டை, அதாவது வேர்க்கடலை, வாங்க வருவார். பாரீசில் குடிதண்ணீரைக் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள், காசு கொடுத்து வாங்கிக் குடிக்கிறார்கள் என்றார் அவர். நைனா தராசை அப்படியே பிடித்துக்கொண்டு, "ஏன் மாமா, அந்த ஊர்ல கெணறு தூந்துபோச்சா?" என்று கேட்டார். கடையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அன்று கிணற்றடியில் நின்று ஒரு குடம் தண்ணீர் இறைத்து, இதற்குப் பாரீசில் எவ்வளவு ஆகும் என்று வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

இப்படி ஊருக்குள் எனக்கு ஒரு பெயர் உண்டாகிவிட்டது. மகனை வெளியூர் அனுப்ப நினைப்பவர்கள் என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். பி.ஏ. தம்பி சொன்னால் சரியாக இருக்கும் என்றார்கள். அந்தப் பெயரைத்தான் நான் பிற்பாடு தப்பாகப் பயன்படுத்தினேன்.

தை மாதம் அண்ணன் கடிதம் எழுதியிருந்தார். மில்லுக்குப் பக்கத்திலேயே பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்று காலியாகிறதாம். கூட வேலை செய்கிறவர் ஊருக்குத் திரும்புகிறார், சித்திரை வரை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பார். வாடகை பதினைந்து ரூபாய். அண்ணியையும் குழந்தையையும் அழைத்துக்கொள்ளலாமா என்று நைனாவைக் கேட்டிருந்தார். அதுவரை ஏழெட்டு ஆட்களோடு ஓர் அறையில் படுத்துக்கொண்டிருந்தவர் அவர்.

அண்ணி எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. பனமலை ஏரிக்கரையில் வளர்ந்தவர், சத்தமாகப் பேசுகிறவர். அந்த நாட்களில் குழந்தைக்குத் தலை சீவும்போதுகூட மெதுவாகப் பேசினார். நைனா தன் பதிலை ஒரே வார்த்தையில் சொல்லியிருந்தார். அறுபது ரூபாய் குறையாமல் வருமானால் போகட்டும், குறையுமானால் வேண்டாம். குறையுமா குறையாதா என்று கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணனோடு அதே மில்லில் இருந்த ஒருவர் தளவானூருக்கு லீவில் வந்திருந்தார். சைக்கிளில் போய் அவரைப் பார்த்தேன். நல்ல மனிதர். குடும்பத்தோடு பம்பாயில் இருப்பவர். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எண்ணெய், பருப்பு, பால், மண்ணெண்ணெய், காய்கறி என்று விரல் விட்டுச் சொன்னார். குழாயில் காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர் என்றார். நான் எழுதிக்கொண்டேன். மறுநாள் அவர் ரயிலேறிவிட்டார்.

திரும்பும் வழியில் ஒரு மதகுக் கட்டையில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். அண்ணன் சம்பளத்தில் அறுபதும் வாடகையும் அவருடைய கைச்செலவும் போக ஐம்பத்தைந்து ரூபாய் மிஞ்சும். மூன்று பேர் சாப்பிட்டு வாழ ஐம்பத்திரண்டு ஆகும் என்று வந்தது. போதும். ஆனால் மூன்றே ரூபாய் இடைவெளி. குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அறுபது ஐம்பதாகும், ஐம்பது நாற்பதாகும். குறைவது வீட்டுப் பங்காக இருக்காது. என் பங்காகத்தான் இருக்கும்.

வாடகையில் கை வைக்க முடியவில்லை, அண்ணனே எழுதியிருந்தார். அரிசி விலை பத்திரிகையில் வருகிறது, நைனா படிப்பார். மற்றவற்றை உயர்த்தினேன். எண்பது பைசா பாலை ஒன்று இருபதாக்கினேன். பருப்பு, எண்ணெய், மண்ணெண்ணெய், காய்கறி எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம். கூட்டினால் எழுபது ரூபாய் வந்தது. யாரும் என்னைத் தூண்டவில்லை. வெயில் தாழ்ந்துகொண்டிருந்தது, பெரிய கோட்டைப் பாறை சிவந்திருந்தது, எனக்கு நன்றாகப் பசித்தது. சைக்கிளை மிதித்து வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன்.

மறுநாள் கடையில் எல்லார் முன்னாலும் படித்துக் காட்டினேன். ஜவுளிக்கடை பாயும் இருந்தார். பம்பாயில் பால் அந்த விலையா என்று அவர் வாயைப் பிளந்தார். நைனா தலையாட்டிக்கொண்டார். பதினைந்து ரூபாய் இடிக்கிறது, நடக்காது, அண்ணனுக்கு எழுதிவிடு என்றார். அப்போது அண்ணி வீட்டுக்கும் கடைக்கும் நடுவே இருந்த கதவருகில் வந்து நின்றார். கடை ஆட்கள் இருக்கும்போது அவர் அங்கே வருவதில்லை.

"மாமா, தம்பி சொல்ற வெலையிலயே நான் ஒரு மாசம் இங்க வாழ்ந்து காட்டறேன். அம்பத்தஞ்சு ரூபா குடுங்க. அதுல முடிஞ்சா அனுப்புங்க. முடியலன்னா பம்பாய்ன்ற பேச்ச நான் எடுக்கவே மாட்டேன்."

நைனாவுக்கு வேடிக்கையாக இருந்தது. எங்கே வாழப் போகிறாய் என்று கேட்டார். மணிலா மூட்டை போடும் அறை பத்தடிதான் இருக்கும், அதைக் காலி செய்து கொடுங்கள் என்றார் அண்ணி. பாய் சிரித்துக்கொண்டே, "பம்பாய்க்கு டிக்கெட் இல்லாமலே போவுது உங்க மருமவ" என்றார்.

அறையை நான்தான் கயிறு வைத்து அளந்தேன். பத்தடிக்கு நாலு விரல் கூட இருந்தது. அந்த நாலு விரலுக்கும் அண்ணி ஒரு பெட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டார். ஒரு மூலையில் திரி ஸ்டவ், ஒரு மூலையில் பாய்ச்சுருள், நடுவில் குழந்தை. அடுத்த மாதப் பிறப்பிலிருந்து தொடங்கியது.

விதிகளை அவரே வைத்தார். அரிசியும் பருப்பும் நைனா கடையிலேயே, ஆனால் என் பட்டியல் விலைக்கு. செஞ்சி விலையை நைனா கல்லாவில் போடுவார், மேற்கொண்டு கொடுப்பதை ஒரு பிஸ்கட் டப்பாவில் போடுவார். வெள்ளிக்கிழமைச் சந்தையில் காய் வாங்கினால் திரும்பி வந்து வித்தியாசத்தை அந்த டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அண்ணி அறைக்குள் போவார். விறகு கூடாது. தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம் மட்டும். திண்டிவனம் போகும் முதல் பஸ் வந்து நிற்கும்போது கிணற்றுக்குப் போவார், திருவண்ணாமலை பஸ் கிளம்பும் சத்தம் கேட்டால் கயிற்றை விட்டுவிடுவார். குடம் பாதியில் இருந்தாலும் அவ்வளவுதான்.

இன்னொரு விதியும் இருந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பம்பாயில் மூன்று பேர் சாப்பிட வேண்டும். இங்கே அண்ணன் இல்லை. அவர் பங்கைச் சமைக்காமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும் என்றார் அண்ணி. சமைத்து மாட்டுக்குப் போட்டால் ஓர் ஆண் சாப்பாடு எவ்வளவு என்று தெரியாது.

"தம்பி, நீங்கதான் அண்ணன் எடத்துல ஒக்காந்து சாப்பிடணும். ஒரு மாசம். இன்னா சொல்றீங்க?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சரி என்றேன்.

முதல் வாரம் ஊருக்கே விளையாட்டாக இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் பின்பக்கம் எட்டிப் பார்த்து, பம்பாயில் மழையா, வெயிலா என்று கேட்டார்கள். அண்ணியும் சளைக்கவில்லை, இங்கே டிராம் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை என்று உள்ளேயிருந்து பதில் சொல்வார். நைனா அரிசி நிறுக்கும்போது பழக்கத்தில் ஒரு கை கூடப் போட்டுவிடுவார். "பம்பாய்ல கொசுறு போடுவாங்களா மாமா?" என்று அண்ணி அந்தக் கைப்பிடியைத் திருப்பிக் கோணியில் கொட்டுவார்.

இரண்டாவது வாரத்தில் வேடிக்கை போய்விட்டது. அந்த அறையின் வாசற்படியைத் தாண்டும்போது உண்மையாகவே ஊர் மாறுவதுபோல எனக்கு இருந்தது. இந்தப் பக்கம் எங்கள் வீடு, கொல்லை, மாடு, காற்று. அந்தப் பக்கம் மண்ணெண்ணெய் நெடியும் அளந்து வைத்த தண்ணீரும். அம்மாகூட வாசலில் நின்று, "உள்ள வரலாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனாள். வெளியூர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்ததுபோல. என் கண்ணெதிரே ஒரு பெண் பத்தடிக்குள் ஒரு பட்டணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டார். நான் அத்தனை பேரை விசாரித்து எழுதி வைத்திருந்த ஊர்கள் எல்லாம் காகிதம்தான் என்று அப்போது தெரிந்தது.

மதியமும் இரவும் அண்ணன் இடத்தில் உட்கார்ந்தேன். அண்ணி எனக்கு முதலில் போடுவார், பிறகு குழந்தைக்கு. மிச்சம் எவ்வளவு என்று பார்க்காமலே தனக்கு வைத்துக்கொள்வார். பட்டியலில் நான் ஏற்றியிருந்த பதினைந்து பதினெட்டு ரூபாயை அவர் எங்கேயாவது குறைக்க வேண்டும். மண்ணெண்ணெயில் குறைக்க முடியாது, என் தட்டில் குறைக்க மாட்டார். அவர் தட்டில்தான் குறைந்தது. நான் உயர்த்திய பருப்பு விலையை அந்தத் தட்டில் என்னால் பார்க்க முடிந்தது. குழம்பு தெளிந்துகொண்டே போனது.

ஒரு நாள் பசிக்கவில்லை, கொஞ்சம் போதும் என்றேன். அண்ணி விடவில்லை. அண்ணன் எட்டு மணி நேரம் மெஷினோடு நின்றுவிட்டு வருகிறவர், இவ்வளவு சாப்பிட்டால் அவருக்கு எப்படிப் போதும் என்று சொல்லி இன்னொரு அகப்பை போட்டார். சாப்பிட்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தச் சாப்பாடு ருசியாகவும் இருந்தது.

குழந்தைக்கு அரை லிட்டர் பால் என்று பட்டியலில் இருந்தது. ஒன்று இருபது விலைக்கு அண்ணியால் கால் லிட்டர்தான் வாங்க முடிந்தது. எங்கள் கொல்லையிலேயே மாடு கறந்துகொண்டிருந்தது. சாயங்காலம் கறக்கும்போது குழந்தை அந்த அறை வாசலைப் பிடித்துக்கொண்டு நின்று மாட்டைப் பார்த்து அழும். வீட்டில் எல்லாரும் காப்பி குடிப்போம். அம்மா பொறுக்க முடியாமல் ஒரு நாள் குழந்தையைத் தூக்கிப் போய் ஒரு டம்ளர் பால் கொடுத்துவிட்டாள். அண்ணி சண்டை போடவில்லை. அந்த டம்ளருக்கு விலை போட்டுக் கொண்டுவந்து டப்பாவில் போட்டார். மறுநாள் அவர் மத்தியானம் சாப்பிட்டதாக எனக்கு நினைவில்லை.

மூன்றாவது வாரத்தில் கிணற்றடியில் குடத்தோடு உட்கார்ந்துவிட்டார். மயக்கம் என்று சொல்ல முடியாது, கால் விட்டுவிட்டது. அம்மா நைனாவை ஏசித் தீர்த்தாள். பெற்ற பெண்ணாக இருந்தால் இப்படி விட்டிருப்பீர்களா என்றாள். நைனா கடையைச் சாத்திவிட்டு என்னிடம் வந்தார். அவர் குரல் இறங்கியிருந்தது.

"கணக்குல எங்கனா தப்பு இருக்கப் போவுதுடா. இன்னொரு தரம் பாரேன்."

அப்படி ஒரு வழி எனக்குத் தானாகத் திறந்தது. ஆமாம் நைனா, பால் விலையை மாற்றி எழுதிவிட்டேன் என்று சொன்னால் போதும். யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். நான் அந்தத் தாளை வாங்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தேன். பேனாவைத் திறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் போனால் அண்ணியே விட்டுவிடுவார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்து, சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.

அண்ணி விடவில்லை. நாலாவது வாரமும் முடிந்தது. மாதக் கடைசி நாளில் கடைக் கதவருகே வந்து, கையிலிருந்த சில்லறையை நைனா முன்னால் வைத்தார். ஒரு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக மிச்சம் இருந்தது. வளையல் முழங்கை வரை ஏறி நின்றது. நைனா அந்தச் சில்லறையை எண்ணவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து மொத்தமாக அவர் முந்தானையில் கவிழ்த்தார். டிக்கெட்டுக்கு வைத்துக்கொள் என்றார். செஞ்சிக்கும் பம்பாய்க்கும் நடுவில் இருந்த வித்தியாசம் எல்லாம் அதில் இருந்தது. என் பொய்யும் அதில் இருந்தது.

சித்திரையில் திண்டிவனம் ஸ்டேஷனுக்குப் போய் நான்தான் ரயிலேற்றினேன். ஜன்னலில் குழந்தையைப் பிடித்துக்கொண்டு, ஒரு மாதம் என்னோடு கஷ்டப்பட்டுச் சாப்பிட்டீர்கள் தம்பி என்று அண்ணி சொன்னார். நான் வண்டி நகரும்வரை தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

மணியார்டர் நிற்கவில்லை. அறுபது ரூபாய் மாதா மாதம் வந்தது. நைனா கடையில் வருகிறவர்களிடமெல்லாம் அந்த ரசீதைக் காட்டுவார். நான் சட்டக் கல்லூரியில் சேர்ந்து முதல் வருடத்தை முடித்தேன். கோடை விடுமுறையில் அண்ணன் வரச் சொல்லி எழுதியதால் பம்பாய் போனேன்.

போகும்வரை அந்த நகரத்தை நினைத்து எனக்குப் பயம்தான். தாதர் ஸ்டேஷனில் இறங்கியபோது அந்தக் கூட்டத்தைப் பார்த்து ஒரு தூண் ஓரமாக ஒதுங்கினேன். எங்கள் ஊர் ஜனத்தொகை அளவுக்கு ஆட்கள் ஒரு நிமிஷத்தில் ஒரு படிக்கட்டில் ஏறி இறங்கினார்கள். இவர்கள் எல்லாருக்கும் மாதச் செலவு என்று ஒன்று ஆகிறது, எல்லாரும் எப்படியோ சமாளிக்கிறார்கள் என்று நினைத்தபோது கை தானாகக் கூப்பிக்கொண்டது. அண்ணன் அறை நாலாவது மாடியில். உள்ளே போனதும் எனக்கு வழி தெரிந்தது. ஸ்டவ் அதே மூலையில், பாய்ச்சுருள் அதே மூலையில். மணிலா மூட்டை அறையில் இருந்ததுபோலவே அண்ணி வைத்திருந்தார். குழந்தை வளர்ந்து, கன்னம் உருண்டிருந்தது.

மறுநாள் அண்ணன் வேலைக்குப் போன பிறகு அண்ணி என்னைக் கடைக்கு அழைத்துப் போனார். பால் வாங்கினார். அரை லிட்டர். அவர் கொடுத்த காசை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என்னைப் பார்த்தார். படியேறும்போது சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீங்க எழுதின வெலயெல்லாம் பணக்காரத் தெருவுல தான் தம்பி. அந்தத் தளவானூராரு இன்னா ஏமாந்து வாங்கினாரோ. இல்ல, எங்கள வர விடாம பண்ணணும்னு கூட்டிச் சொன்னாரோ."

அதற்குமேல் அவர் சொன்னதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. வந்த புதிதில் அண்ணன் அந்த மனிதரை மில்லில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாராம். நான் சரியாகத்தான் சொன்னேன் என்று அவர் சத்தியம் செய்தாராம். அண்ணன் நம்பவில்லை. என் தம்பி படித்தவன், அவன் தப்பாக எழுத மாட்டான் என்றாராம். ஒரு வருடமாக இரண்டு பேரும் பேசுவதில்லை. அவர் பெண்டாட்டி குழாயடியில் அண்ணியைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளாம்.

அறைக்குள் வந்து அண்ணி ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் சரியான விலைதான் சொன்னார் என்றேன். மதகுக் கட்டையில் உட்கார்ந்து கூட்டி எழுதியது நான்தான் என்றேன். ஏன் என்பதையும் சொன்னேன். சொல்லும்போது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை.

அண்ணி ஸ்டவ்வின் திரியை இறக்கினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். குழந்தை பாலுக்கு அழுததைச் சொல்வார், கிணற்றடியில் கால் விட்டுப்போனதைச் சொல்வார் என்று நினைத்தேன். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"தெரிஞ்சேவா தம்பி அந்தச் சோத்தத் தின்னீங்க?"

கீழே யாரோ மராத்தியில் கத்தினார்கள், மாடி முழுவதும் பாத்திரச் சத்தம் கிளம்பியது. தண்ணீர் வந்துவிட்டது. அண்ணி இரண்டு குடங்களை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி வெளியே போனார். நான் ஒன்றை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

அண்ணனிடம் அவர் எதையும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தளவானூர்க்காரர் வீட்டுக்குத் தனியாகப் போனாராம். என்ன பேசினார் என்று தெரியாது. அந்த மனிதரையும் அவர் பெண்டாட்டியையும் அழைத்து வந்து அண்ணனோடு உட்கார வைத்துச் சாப்பாடு போட்டாராம். இதை அண்ணன் கடிதத்தில் எழுதி, பெண்கள் பேசினால் எல்லாம் சரியாகிவிடுகிறது என்று சந்தோஷப்பட்டிருந்தார்.

அதற்கடுத்த மாதம் மணியார்டர் முப்பது ரூபாய்தான் வந்தது. வீட்டுப் பங்கு மட்டும். நைனா காரணம் கேட்டு எழுதினார். தம்பி இனிமேல் சமாளித்துக்கொள்வார் என்று வீட்டில் சொல்கிறாள் என்று அண்ணன் பதில் எழுதினார். சென்னையில் ஓர் அச்சகத்தில் மாலை நேரங்களில் புரூஃப் திருத்தும் வேலை தேடிக்கொண்டேன். நாலு பேரோடு ஓர் அறையில் படுத்தேன். அந்த வருடம் ஒரு மனிதனுக்கு ஒரு மாதம் எவ்வளவு ஆகும் என்று நான் யாரையும் கேட்கவில்லை. எனக்கே தெரிந்தது.

அண்ணன் பம்பாயிலேயே வேலை முடித்து, வயதான பிறகு செஞ்சிக்கே வந்து சேர்ந்தார். நான் விழுப்புரத்தில் வக்கீலாக இருந்தேன். மாதம் ஒரு முறையாவது போய்ப் பார்ப்பேன். அண்ணி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வாங்க தம்பி என்பார், என் பிள்ளைகளை விசாரிப்பார், சாப்பிடாமல் போக விட மாட்டார். அண்ணனுக்குப் பக்கத்தில் எனக்கும் இலை போடுவார். அண்ணனுக்குத் தன் கையால் பரிமாறுவார். என்னிடம் வந்ததும் சோற்றுப் பானையை என் இலைக்குப் பக்கத்தில் வைத்து, நீங்களே போட்டுக்குங்க தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். கடைசி வரை அப்படித்தான். அந்தப் பானைக்கு முன்னால் உட்கார்ந்து எவ்வளவு போட்டுக்கொள்வது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.